ரெய்டர்ஸ் ஆட்டமும் கேசினோ விடுதியும்: லாஸ் வேகஸ் வார இறுதிக்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: “வேகஸ் போய் ஒரு மேட்ச் பாத்துட்டு வரலாமா?” தெற்குக் கலிபோர்னியாவில் இருப்பதால் எங்களுக்குக் காரிலேயே போய்விடும் தூரம். இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன். மூன்று முறை நண்பர்களோடு, ஒரு முறை மனைவி மக்களோடு, ஒரு முறை ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரோடு. அதனால் கேள்விகளெல்லாம் என் வாட்ஸப்பில்தான் வந்து விழுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது, மொத்தமாக இங்கே.

மேட்ச் என்றால் எது? மெஸ்ஸி ஆடுகிற ஃபுட்பாலா?

அது இங்கே சாக்கர். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கி ஓடுகிற ஆட்டம். வேகஸின் அணி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ். ஓக்லண்டில் இருந்த அணி 2020இல் இங்கே குடிவந்தது. அவர்கள் ஆடுகிற அலிஜியன்ட் ஸ்டேடியம் அந்த ஆண்டுதான் திறந்தது. கொரோனா காலம் என்பதால் முதல் பருவம் முழுக்கக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினார்கள். ரசிகர்கள் உள்ளே வந்து பார்த்த முதல் லீக் ஆட்டம் 2021 செப்டம்பர் 13, பால்டிமோர் ரேவன்ஸோடு. கூடுதல் நேரத்தில் 33–27 என்று ரெய்டர்ஸ் ஜெயித்தது.

சூதாட்ட ஊருக்கு ஓர் அணி வந்ததே பெரிய கதை. வேகஸ் என்றாலே, இந்த ஆட்டத்தை நடத்துகிற தேசிய லீக்கான என்எஃப்எல்லின் நிர்வாகம் ஒரு காலத்தில் முகம் சுளிக்கும். 2003இல் வேகஸ் சுற்றுலா விளம்பரத்தை, லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஒளிபரப்பில் சேர்க்கவே மறுத்தது. அதே லீக்கின் உரிமையாளர்கள் 2017 மார்ச்சில் 31–1 என்று வாக்களித்து ரெய்டர்ஸை இங்கே அனுப்பிவைத்தார்கள். 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலே இந்த ஸ்டேடியத்தில் நடந்தது. இடையில் நடந்ததைச் சொல்ல ஒரே சொல் போதும்: பணம். ஸ்டேடியம் கட்ட 75 கோடி டாலர் பொதுப்பணம் போனது. அதை அடைப்பது விடுதி அறைகளின் மேல் போட்ட வரி. ஆட்டம் பார்க்காவிட்டாலும், வேகஸில் ஓர் இரவு தங்கினால் அந்த ஸ்டேடியத்துக்கு நீங்களும் ஒரு செங்கல் கொடுத்தவர்.

எந்த மாதம், எந்த ஆட்டம்?

பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை போகும். ஓர் அணிக்கு 17 ஆட்டம். அதில் எட்டோ ஒன்பதோ சொந்த ஊரில். அட்டவணை மே மாதம் வந்துவிடும். என் ஓட்டு அக்டோபர் கடைசிக்கு. செப்டம்பரில் வெயில் இன்னும் தோலை உரிக்கும். நவம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கிற வாரத்தில் அறை வாடகையும் சாலை நெரிசலும் சொல்லி மாளாது.

டிக்கெட் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிரணிதான். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், டென்வர் பிராங்கோஸ், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் மூன்றும் ரெய்டர்ஸின் பங்காளிகள், ஒரே பிரிவு. ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் வருவார்கள். சீஃப்ஸ் வந்தால் விலை எகிறும். வேகஸ் என்பதால் எதிரணி ரசிகர்கள் விடுமுறையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு விமானம் விமானமாக வந்து இறங்குவார்கள். பாதி ஸ்டேடியம் அவர்கள் நிறமாக இருந்த ஆட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எந்த அணி மேலும் பாசம் இல்லையென்றால், தோற்றுக்கொண்டிருக்கிற தூரத்து அணி ஒன்று வரும் வாரமாகப் பார்த்து வாங்குங்கள். அதே இருக்கை, பாதி விலைக்கும் கிடைக்கும்.

டிக்கெட் எல்லாமே செல்பேசியில்தான், காகிதம் கிடையாது. வாசலில் நின்று தேடினால் சிக்னல் சதி செய்யும். அறையிலேயே ஆப்பில் இறக்கி வாலட்டில் சேமித்துக்கொள்ளுங்கள்.

எந்த விடுதியில் தங்குவது?

ஆட்டத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரிப்பின் (பெரிய கேசினோ விடுதிகள் வரிசையாக நிற்கிற பிரதான சாலை) தென்கோடி. மாண்டலே பே, லக்சர், எக்ஸ்காலிபர் மூன்றும் வரிசையாக இருக்கின்றன, இலவச டிராம் இணைக்கிறது. மாண்டலே பே கொஞ்சம் வசதி, விலையும் அதற்கேற்ப. லக்சர் அந்தப் பிரமிடு. வெளியே பார்க்க அழகு, உள்ளே வயசு தெரியும். எக்ஸ்காலிபர் கோட்டை மாதிரி, மலிவு. மூன்றுக்கும் கீழே கேசினோ தளம் உண்டு. லிஃப்ட்டிலிருந்து வாசலுக்குப் போவதென்றாலே அதன் ஊடாகத்தான் போக வேண்டியிருக்கும். அது தற்செயலாக அமைந்த வரைபடமில்லை என்று சொல்லத் தேவையில்லை.

புகை ஆகாதவர்களுக்கு ஒரு சொல். வேகஸ் கேசினோக்களில் இன்றும் சிகரெட் பிடிக்கலாம். ஸ்ட்ரிப்பில் பார்க் எம்ஜிஎம் மட்டும் புகை இல்லாத கேசினோ விடுதி. என் மனைவிக்கு ஆஸ்துமா. குடும்பத்தோடு போனபோது அங்கேதான் தங்கினோம். ஸ்டேடியத்துக்கு நடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அறை 60 டாலர் என்று பார்த்தேன். நம்பலாமா?

அந்த 60 டாலரை நம்பி ஒரு விடுதியில் பதிவு செய்தேன். புறப்படும்போது வந்த பில் இரட்டிப்புக்கும் மேல். காரணம் ‘ரிசார்ட் கட்டணம்’. நீச்சல் குளம், வைஃபை, உடற்பயிற்சி அறை என்று ஏதேதோ பெயர் சொல்லி ஓர் இரவுக்கு 40, 50 டாலர் போடுவார்கள். நீங்கள் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும் உண்டு. அதன் மேல் வரி. கார் இருந்தால் பல விடுதிகளில் பார்க்கிங் தனி. 2025 மே மாதம் முதல், கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்திருக்கிறது. முன்பைவிட ஏமாற்றம் குறைவு. ஆனாலும் வரிக்கும் பார்க்கிங்குக்கும் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, சனி இரவுகள் விலை அதிகம். ஞாயிறு இரவு சட்டென்று இறங்கும். இதைக் கடைசிக் கேள்விக்காக நினைவில் வையுங்கள்.

ஸ்டேடியத்துக்கு எப்படிப் போவது?

நடந்து. மாண்டலே பேக்கும் லக்சருக்கும் நடுவில் ஹசியெண்டா அவென்யூ என்று ஒரு சாலை. ஐ-15 நெடுஞ்சாலைக்கு மேலே பாலமாக ஏறி நேரே ஸ்டேடியத்தில் இறங்கும். ஆட்ட நாளில் அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்களுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். பதினைந்து இருபது நிமிட நடை. கறுப்பும் வெள்ளியும் உடுத்திய கூட்டம், மண்டையோட்டு முகமூடி, தோளில் முள் வைத்த கவசம், நடுவில் ஒரு டிரம் கோஷ்டி. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குக் கிராமத்துச் சனம் சாரிசாரியாகப் போவது நினைவுக்கு வரும். ஆட்டத்தைவிட இந்த நடை பிடித்துப்போனவர்களும் எங்கள் குழுவில் உண்டு.

மோனோரயிலை நம்பாதீர்கள். அது ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்கம் ஓடி எம்ஜிஎம் கிராண்டோடு நின்றுவிடும். ஊபரில் போகலாம், ஆனால் ஆட்டம் முடிந்ததும் 65,000 பேரும் அதே ஆப்பைத் திறப்பார்கள். இன்னொன்று: வேகஸில் கண்ணுக்குத் தெரிகிற தூரம் ஏமாற்றும். கட்டடங்கள் அவ்வளவு பெரியவை. “இதோ, அடுத்த கட்டடம்தானே” என்று இறங்கினால் அரைமணி நடக்கவைக்கும். நல்ல செருப்பு, இல்லை ஷூ.

என்ன கொண்டுபோகலாம்?

உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும். 12 அங்குல அகலம், 12 உயரம், 6 தடிமனுக்குள். உள்ளங்கை அளவு பர்ஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். முதுகுப்பைக்கு அனுமதி இல்லை. நண்பர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்காமல் மடிக்கணினிப் பையோடு வந்து, விடுதிக்குத் திரும்ப ஓடி, முதல் கால்பகுதியைக் கோட்டைவிட்டார். உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டைதான். மூடிய கூரை, குளிர்சாதனம் இருப்பதால் குடையும் தொப்பியும் வேண்டாம். மெல்லிய ஸ்வெட்டர் நல்லது.

எனக்கு விதியே தெரியாது. மூன்று மணி நேரம் உட்கார முடியுமா?

கபடி தெரியுமல்லவா? பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இடம் பிடிக்கிற ஆட்டம் இது. பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு உதைத்தால் 1, மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2. நெருங்கிவிட்டோம் ஆனால் நுழைய முடியவில்லை என்றால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 வாங்கிக்கொள்ளலாம். பந்தோடு வருகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது மற்றவர் வேலை. பாடிப் போகிறவனைப் பிடிப்பதுபோலத்தான். புரோ கபடி பார்ப்பவர்களுக்கு ‘ரெய்டர்’ என்ற சொல்லே பழக்கம். என் மாமனார் கடைசிவரை இந்த அணிக்கும் கபடிக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றே நம்பினார்.

கடிகாரப்படி 15 நிமிடக் கால்பகுதி நான்கு. நிஜத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். டெஸ்ட் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். வடக்குக் கோடியில் சுமார் 90 அடி உயரத்தில் ஒரு தீபத்தூண். அணியின் பழைய உரிமையாளர் அல் டேவிஸின் நினைவாக வைத்தது. ஆட்டத்துக்கு முன் யாராவது ஒரு பிரபலம் அதை ஏற்றுவார். கீழே தெரிகிற புல் உண்மையான புல். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ஒரு ராட்சதத் தட்டில் வெளியே வெயிலில் வளர்த்து, ஆட்டத்துக்கு முன் அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பாலைவனத்தில் ஒரு புல்தரையைத் தொட்டிலில் போட்டு வளர்க்கிற ஊர்!

கேசினோவுக்கு எவ்வளவு பணம் எடுத்துப் போவது?

என் கணக்கு இது. டிக்கெட், அறை, சாப்பாடு போல கேசினோவும் ஒரு செலவு. வீட்டிலேயே ஒரு தொகையை உறையில் போட்டு, அது போய்விட்டது என்று கணக்கெழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். ஓர் இரவுக்கு 100 டாலர். உறை காலியானால் அறைக்குப் போய்த் தூங்குவது. வங்கி அட்டையைக் கேசினோ தளத்துக்குக் கொண்டுபோவதே இல்லை. அங்கே இருக்கிற ஏடிஎம் கட்டணம் அநியாயம். கிரெடிட் கார்டில் எடுத்தால் கடனாகக் கணக்காகி அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

“விட்டதைப் பிடிக்கிறேன்” என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால், நண்பர்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவர வேண்டிய நேரம் அது. எங்கள் குழுவில் அப்படி ஒரு முறை நடந்தது. அவர் இப்போதும் எங்களோடு ஆட்டத்துக்கு வருகிறார், கேசினோ இல்லாத விடுதியில் தங்குகிறார். அப்படியும் விடுதிகள் வேகஸில் உண்டு.

எந்த ஆட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்?

எதிலும் இல்லை, எதில் மெதுவாகத் தோற்போம் என்று கேளுங்கள். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டுகிற ரூலட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்ஜியம், ஓர் இரட்டைப் பூஜ்ஜியம்: 38 கட்டம். உங்கள் எண் விழுந்தால் 35 மடங்குதான் தருவார்கள். அந்த இடைவெளியில் விடுதிக்கு 5.26 சதவீதம். சமீப ஆண்டுகளில் ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்ஜியச் சக்கரங்கள் பெருகிவிட்டன, அங்கே 7.69. சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும், எண்ணிவிட்டு உட்காருங்கள்.

பிளாக்ஜாக் என்பது 21ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கிற சீட்டாட்டம்; முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர். அதற்கு எவ்வளவு தருவார்கள் என்பது மேசைத் துணியின் மேலேயே எழுதியிருக்கும். ‘3க்கு 2’ என்றால் பத்து டாலர் கட்டி பிளாக்ஜாக் விழுந்தால் 15 வரும். ‘6க்கு 5’ என்றால் 12தான். மூன்று டாலர் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் விடுதியின் பங்கை அது ஒரு சதவீதத்துக்கும் மேல் ஏற்றிவிடுகிறது. குறைந்த தொகை மேசைகள் பெரும்பாலும் 6க்கு 5. ஸ்லாட் மெஷினைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. வேகமாக அழுத்துகிறவர் வேகமாக எழுந்து போவார்.

மேசையில் இருக்கும்போது வருகிற மது இலவசம். கொண்டுவருகிற பெண்ணுக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் மரியாதை. அந்த இலவசத்தின் விலை என்ன என்பது மறுநாள் காலை உறையைப் பார்த்தால் தெரியும்.

பார்க்கிற ஆட்டத்தின் மேலேயே பந்தயம் கட்டலாமா?

21 வயது ஆகியிருந்தால் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் தாராளமாக. 1949இலிருந்தே இங்கே சட்டப்படி நடக்கிறது. விடுதியின் ஸ்போர்ட்ஸ்புக் என்கிற விளையாட்டுப் பந்தயக் கவுன்ட்டரில் சீட்டு வாங்கலாம். செல்பேசி ஆப்பில் கட்டுவதானால், முதலில் நேரில் போய் அடையாள அட்டை காட்டிப் பதிய வேண்டும். கலிபோர்னியா எல்லையைத் தாண்டியதும் ஆப் வேலை செய்யாது. அங்கே 2022இல் மக்கள் வாக்கெடுப்பில் இதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பலகையில் ‘ரெய்டர்ஸ் +3.5’ என்று இருந்தால், அவர்கள் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் அவர்கள் மேல் கட்டிய உங்கள் சீட்டு ஜெயிக்கும். பொதுவாக 100 டாலர் லாபத்துக்கு 110 கட்டச் சொல்வார்கள். அந்தப் பத்துதான் கடைக்காரர் பங்கு. நூற்றில் 52, 53 தடவை சரியாகச் சொல்கிறவருக்கே முதலுக்கு மோசமில்லை. நான் 20 டாலர் கட்டுவேன், ஆட்டத்தில் காரம் சேர்க்க. ஒரு முறை ரெய்டர்ஸ் தோற்று என் சீட்டு ஜெயித்தது. பாலத்தில் திரும்பி நடக்கும்போது சோகமான முகங்களுக்கு நடுவில் சிரிப்பை அடக்கச் சிரமமாக இருந்தது.

பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போகலாமா?

ஸ்டேடியத்துக்குத் தாராளமாக, சத்தம் அதிகம், சிறுசுகளுக்குக் காதுக் கவசம் வாங்குங்கள். கேசினோ தளத்தில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நடந்து கடக்கலாம், நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. காவலர் உடனே வந்துவிடுவார். இரவில் ஸ்ட்ரிப்பின் நடைபாதை எல்லா வயதுக்கும் ஏற்றதில்லை. பெலாஜியோ விடுதியின் முன்னால் இருக்கிற நீரூற்றை மாலையிலேயே காட்டிவிடுங்கள்.

என் மாமியார் கேசினோவை ஒரு பார்வை பார்த்து, “தருமர் நாட்டையே வெச்சுத் தோத்த ஆட்டம், இதுக்கு லைட்டு வேறயா?” என்றார். அவர்களை ஞாயிறு காலை சம்மர்லின் பகுதியில் இருக்கிற கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பிறகு அதே மாமியார் ஸ்டேடியத்தில் எழுந்து நின்று கத்தியது தனிக் கதை.

சைவச் சாப்பாடு?

ஸ்டேடியத்தில் நாச்சோ, பிரெட்சல், உருளை வறுவல். விலை கேட்டால் பசி போய்விடும். ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே வந்தால் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. காரில் வருகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வருவதில் எந்த வெட்கமும் வேண்டாம். நாங்கள் கொண்டுவருகிறோம்.

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்தவர் ஆடலாமா? ஜெயித்தால் வரியா?

பாஸ்போர்ட் கையில் இருந்தால் ஆடலாம். ஸ்லாட்டில் பெரிய ஜாக்பாட் விழுந்தால் மெஷின் தானே பூட்டிக்கொள்ளும். ஊழியர் படிவத்தோடு வருவார். வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதி. பிளாக்ஜாக், ரூலட், பாக்கரா (இன்னொரு சீட்டாட்டம்), கிராப்ஸ் (பகடை ஆட்டம்) ஆகியவற்றில் வெளிநாட்டவருக்கு அந்தப் பிடித்தம் இல்லை. இங்கேயே குடியிருந்து வரி கட்டுகிறவர்கள் ஜெயித்ததை எல்லாம் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து லாட்டரிக்கும் ஃபுட்பால் பந்தயத்துக்கும் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. ஆகவே மாமாவின் இந்திய வங்கி அட்டையை ஸ்போர்ட்ஸ்புக்கில் நீட்ட வேண்டாம்.

இன்னொன்று: நெவாடாவில் கஞ்சா கடை திறந்தே இருக்கும். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் காரில் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பிவிடலாமா?

வேண்டாம். ஞாயிறு ஆட்டம் பெரும்பாலும் மதியம் ஒன்றரை மணியை ஒட்டித் தொடங்கும். முடிந்து வெளியே வர நாலரை, ஐந்து. அப்போது மொத்தத் தெற்குக் கலிபோர்னியாவும் ஐ-15இல் ஏறியிருக்கும். மாநில எல்லையில் இருக்கிற பிரிம் ஊரிலிருந்து சிவப்பு விளக்கு வரிசைதான். 270 மைல், சாதாரண நாளில் நாலு மணி நேரம். எங்களுக்கு ஒரு முறை ஏழரை ஆனது. வழியில் பேக்கர் என்கிற ஊரில் பெட்ரோல் போட வரிசை, கழிப்பறைக்கு அதைவிடப் பெரிய வரிசை.

ஞாயிறு இரவு அறை மலிவு என்றேன் அல்லவா? திங்கள் ஒரு நாள் லீவு போட்டுத் தங்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாலை காலி, மொஹாவே பாலைவனத்தில் வெயில் ஏறுவதற்குள் பார்ஸ்டோ தாண்டிவிடலாம். மிச்சம் இருக்கிற புளியோதரைக்கும் சரியான நேரம் அதுதான்.